மேசை எண் நானூற்றுப் பதினேழு

ஏப்ரல் கடைசி. கால்கரியில் இன்னும் பனி.
ஜூலையில் காளை துள்ளும் மைதானத்துக்குப் பக்கத்து மண்டபம்
இன்றைக்குக்
கொம்பு வைத்த மனிதர்களால் நிரம்பியிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஆறடி மேசை.
மூன்று நாளைக்கு முந்நூற்றைம்பது டாலர்.
பிளக் பாயிண்ட்டுக்குத் தனிக்காசு என்றார்கள்,
வேண்டாம் என்றேன்.
பத்துக் கையோடு ஒரு பனிவாரும் லாரி வரைந்திருக்கிறேன்,
கைக்கு ஒரு உப்புவாளி.
ஒன்று இருபது, இரண்டு முப்பத்தைந்து.
நின்று பார்க்கிறார்கள். வாவ் என்கிறார்கள்.
வாவை வங்கியில் போட முடியுமென்றால்
இந்நேரம் வீடே வாங்கியிருப்பேன்.

பக்கத்து மேசை ரெமி.
வினிபெக்கிலிருந்து பதின்மூன்று மணிநேரம்
வேன் ஓட்டி வந்தவன்.
ஒரு காலத்தில் ரயில்பாலத்தடியில் ஸ்ப்ரே அடித்தான் என்று
நகராட்சி அபராதம் போட்டது.
போன வருசம் அதே நகராட்சி
அதே பாலத்தில் வரையக் கூலி கொடுத்தது.
எது பிடித்திருந்தது என்று கேட்டேன்.
"அபராதச் சீட்டில் என் பேர் சரியாக இருந்தது.
காசோலையில்தான் எழுத்துப்பிழை."

போன மாதம் ஒரு கேலரிக்காரி
என் படங்களைத் தள்ளிப்பிடித்துப் பார்த்து
கொஞ்சம் காமிக்ஸாக இருக்கிறதே என்றாள்.
இங்கே ஒருவன், முதுகில் ராக்கெட்,
இது எந்தக் காமிக்ஸில் வருகிறது என்கிறான்.
எதிலும் வராது.
ஓ, என்று நகர்ந்துவிட்டான்.

மூன்று மணிக்கு ஜெரிக்கோ வந்தான்.
பன்னிரண்டு வயதிருக்கும்.
ரயில் நிலையத்தில் ஈரப்பனி விழுந்து
அட்டைக் கேடயத்தின் சின்னம் கரைந்துபோயிருந்தது.
நாற்பது நிமிசத்தில் மேடை.
கையில் ஆறு டாலர்.
"ஏதாவது வரைவீர்களா?
யாருடையதாகவும் இருக்கக் கூடாது.
இவன் நானே உண்டாக்கிய ஆள்."

ஸ்ப்ரே டப்பாவை எடுத்த ரெமியைப்
பாதுகாவலர் ஒரு பார்வையால் உட்காரவைத்தார்.
நான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தேன்,
கறுப்பு மார்க்கரால் சுற்றினேன்.
மேலே ஒன்று.
கீழே இரண்டு.

"இது என்ன?"
எழுத்து.
"என்ன சத்தம்?"
தொண்டையில் மெல்ல ஒரு காற்றை உரசிக் காட்டினேன்.
அவன் செய்தான். ரெமியும் செய்தான்.
அருகில் நின்ற இறக்கைக்காரி
இருமல் என்று நினைத்து முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள்.

ஃ.
உயிர் வரிசையிலும் சேராது, மெய் வரிசையிலும் சேராது.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அட்டையின் மூலையில் அது தனியாகக் கிடக்கும்,
எண்ணிச் சொன்னால் ஒரே ஒரு வார்த்தை: எஃகு.
இப்போது வேறு பிழைப்பு பார்க்கிறது.
ஃபேன் என்று எழுத அது வேண்டும்.
அது போய்விட்டால் வெறும் பேன்.
நாற்பதாயிரம் பேன்,
அதில் பாதிக்கு வண்ண விக்!
எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.
என்ன என்ன என்றான் ரெமி.
இதை எந்த மொழியில் அவனுக்குச் சொல்ல?
இரும்பு மாதிரி ஒன்று, என்று ஜெரிக்கோவிடம் மட்டும் சொன்னேன்.
ஆறு டாலரை நீட்டினான். மூன்றை எடுத்துக்கொண்டேன்,
புள்ளிக்கு ஒன்று.

மேசையை விட்டுப் போக முடியாது.
தூணுக்கு அப்பால் கைதட்டல் கேட்டது,
யாருக்கென்று தெரியவில்லை.

அரைமணி கழித்து இறக்கைக்காரி திரும்பி வந்தாள்.
"அந்தப் பையனிடம் பார்த்தேன். மூன்று வட்டம். இருக்கிறதா?"
பரிசு வாங்கினானா என்றேன்.
அது தெரியாது, கேடயத்தைத்தான் பார்த்தேன் என்றாள்.

மாலைக்குள் பதினொன்று போட்டுக் கொடுத்தேன், ஐந்து டாலர் வீதம்.
லாரி ஒன்றும் நகரவில்லை.
மேசைக் காசு வரவில்லை.
வாங்காத பிளக் பாயிண்ட்டுக்கான காசு
வந்துவிட்டது.

வெளியே மைனஸ் நான்கு.
பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு
ரெமி இன்னொருமுறை அந்தச் சத்தத்தைச் செய்துபார்த்தான்.

புகையாக வந்தது.