நாற்பத்தொன்றாம் அடுக்கு

உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே என் வேலை.
பாசல் நகரில், ரைன் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
மூன்று லட்சம் குப்பிகள்.
ஒவ்வொன்றிலும்
யாரோ ஒரு குளிர்காலம் முழுக்கச் சமைத்த
ஒரு சிட்டிகைத் தூள்.

நான் வேதியியல் படித்தவன் அல்ல,
கேட்கும் எண்ணை எடுத்துக் கொடுப்பவன்.
பத்தொன்பது வருடம் சீட்டு வாங்கிய கைக்கு
ஒன்று தெரிந்துவிடுகிறது:
கேட்பவர்கள் மாறுகிறார்கள்,
கேட்கும் அடுக்கு மாறுவதில்லை.

இரத்த அழுத்தமா, ஏழு.
மறதி நோயா, ஏழு.
இதுவரை பெயரே வைக்காத நோய்க்கும்
ஏழிலிருந்து நூறு குப்பி.

ஏழில் இருப்பவை கந்தக வளையங்கள்.
அந்த வளையம்தான் இந்தக் கட்டடத்தைக் கட்டியது,
என் சம்பளம் உட்பட.
"அறியாத திசையில் போவோம்" என்று
கூட்ட அறைப் பலகையில் எழுதிவிட்டு
டாக்டர் பெக்டோல்ட் அடியில் வரைந்ததும் அதையேதான்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோர் நோட்டிலும் அதே வளையம்.

மாலையில் படகில் வீடு திரும்புவேன்.
எங்கள் ஆற்றுப் படகுக்கு எஞ்சின் கிடையாது.
மேலே குறுக்கே ஒரு கம்பி, அதிலிருந்து ஒரு கயிறு,
தள்ளுவது வெள்ளம்.
கயிறு அறுந்தால் கடல்வரை போகலாம்.
அறாததால் தினமும் அதே படித்துறை.
படகோட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்,
எது நல்லது என்று கேட்டதில்லை.

மாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றை வாங்கியபோது
பீரோக்களோடு சேர்ந்து வந்தவள் லடினா கடுஃப்.
மலைப்பக்கத்துக்காரி. ரப்பர் பூட்ஸோடு முதல் நாள்.
அவள் சீட்டில்: நாற்பத்தொன்று.
பிழையாக எழுதிவிட்டாள் என்று திருப்பிக் கொடுத்தேன்.
அதே எண்ணை இன்னும் அழுத்தி எழுதினாள்.

பனியைச் சுரண்டினால் பழைய மசி:
கரையவில்லை. கைவிடப்பட்டது. மார்ச் 1988.
"கரையாதா?" என்றாள், பண்டிகைக் காசு கிடைத்தவள் போல.
"அப்படியானால் இரத்தத்துக்குப் போகாது,
குடலிலேயே தங்கும்.
மாட்டுக்கு நாங்கள் தேடியதே அதைத்தானே!"

முப்பது வருடம் இங்கே குற்றமாக இருந்த சொல்
அவள் வாயில் தகுதியானது.

தட்டில் நான்கு குழிகள் ஒளிர்ந்தன.
மூன்று பொய்.
நான்காவதன் வால் அமிலத்தில் முறிந்தது,
எட்டு மாதம் முறிந்துகொண்டே இருந்தது.
கடைசியில் அந்தத் தாளை
பெக்டோல்டின் மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.
அவர் வெகுநேரம் பார்த்தார்.
பிறகு வால் இருந்த இடத்தில்,
கொஞ்சம் கூச்சத்தோடு,
ஒரு கந்தக வளையம் வரைந்தார்.

முறியவில்லை.

மருந்தாகுமா தெரியாது. மனிதர்களிடம் போயிருக்கிறது,
பாதி வழியில் நிற்கலாம்.
எனக்குத் தெரிந்தது சீட்டு மட்டும்.
இந்த மாதம் வந்தவை அறுபத்திரண்டு.
மூட்டு வலிக்கு நாற்பத்தொன்று,
ஒற்றைத் தலைவலிக்கு நாற்பத்தொன்று,
பெக்டோல்டுக்கும் நாற்பத்தொன்று.
கைப்பிடியில் சாயம் தேயத் தொடங்கிவிட்டது.

நேற்று விளக்கணைக்கும் முன்
யாரும் கேட்காத ஐம்பத்தேழைத் திறந்தேன்.
கையுறையால் ஒரு சீட்டைத் துடைத்தேன்.
ஏதோ எழுதியிருந்தது.
படிக்கத் தெரியவில்லை.
பனி திரும்ப மூடும்வரை
கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.