கயிறு

கடை வாசலில தொங்குது தும்புக் கயிறு.
காலமை ஆறு மணிக்கு அதின்ர நுனியில
நான்தான் நெருப்பு வைக்கிறன்.
இரவு பத்துக்கு மணல் டின்னுக்குள்ள குத்தி
அணைக்கிறதும் நான்தான்.
இடையில
பம்பலப்பிட்டிச் சந்தி முழுக்க
குனிஞ்சு வந்து அதிட்டை நெருப்பு வாங்கும்.

வங்கிப் பொடியன் கழுத்துப்பட்டியை
ஒரு கையால நெஞ்சோட அமத்திக்கொண்டு குனிவான்.
நிசாம்தீன் ஓட்டோவை நிப்பாட்டாமலே
ஒரு காலை மட்டும் ரோட்டில ஊண்டுவார்.
ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை,
நாலு பக்கமும் பார்த்துப்போட்டு.

பஸ் தரிப்பில மூண்டு மொழியிலையும் எழுதியிருக்கு,
புகைத்தல் தடை எண்டு.
அங்கயிருந்து என்ர கடைக்குப் பன்ரெண்டு அடி.
பலகையை வாசிச்சுப்போட்டுத்தான்
எல்லாரும் இங்கால வருகினம்.

பெரியாஸ்பத்திரியில டொக்டர்
படத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சார்.
"எத்தினை வருசமாப் பத்துறீங்க?"
சிரிச்சன். பாதியில இருமல் வந்து
சிரிப்பை முடிச்சு வைச்சுது.
"வீட்டில ஆரும்?"
வீட்டில சாம்பிராணிகூட இல்லை, டொக்டர்.
"அப்ப எங்க?"
கயிறு எண்ட சொல்லு நாக்கு நுனிவரைக்கும் வந்துது.
விழுங்கிப்போட்டன்.

சிவசோதி ரீச்சர் பாண் வாங்க வந்தவ.
"தெருவிலையும் தடை செய்யவேணும்,
சுவாசிக்கிறது என்ன குற்றமே?"
ஓமெண்டு தலையாட்டி மிச்சக்காசு குடுத்தன்.
அதில பாதி சிகரெட் வித்த காசு.

பின்னால நிசாம்தீன்.
"மேல வானம் திறந்து கிடக்கு,
இதுல என்னத்த சட்டம் அக்கா?
நாள் முழுக்க எனக்கிருக்கிறது
இந்த அஞ்சு நிமிசம்."
அதுக்கும் ஓமெண்டு தலையாட்டினன்.
ரெண்டு பேருக்கும் ஆட்டின கழுத்து
இரவில நோகுது.

இண்டைக்குக் கயிறைக் கொளுத்தேல்லை.

முதல் வந்தவர் கறுத்த நுனியை
விரலால தொட்டுப் பார்த்தார்.
பிறகு, கடையில ஆரோ செத்தமாதிரி
என்னைப் பார்த்தார்.
எனக்கென்ன வந்துதோ,
"லைட்டர் இருக்கு" எண்டன்.

மத்தியானத்துக்கு முன்னம்
பதினொரு லைட்டர் வித்தாச்சு.
இனி ஒருத்தரும் குனியிறேல்லை.
நிமிந்து நிண்டு பத்தினம்,
கடைக்கு முன்னால, அதே இடத்தில.

கடற்பக்கத்தால வாற சோளகம்
அந்தப் புகையை அப்பிடியே அள்ளி
கல்லாவுக்கு மேலால
என்ர கையில தருது,
மிச்சக்காசு மாதிரி,
ஒரு சதம் குறையாமல்.