பட்டன் கணக்கு

வார்டு ஆபீஸில் அந்த இன்ஜினியர்
சிரிக்காமல்தான் கேட்டார்:
ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடக்கிறீர்கள்?
வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கு வேண்டும்.

கணக்குக்கு எங்கே போவது.
தாராவியில் எங்கள் சந்தில்
குறையாமல் கிடைப்பது பட்டன் ஒன்றுதான்.
வெள்ளை, நாலு ஓட்டை, பதினெட்டாம் நம்பர்.
குரோஸ் குரோஸாகச் சாக்கில் வரும்.
நான் காஜா மெஷினில் இருக்கிறவள்.
இரண்டு பக்கமும் சேராமல்
திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும்
கை பரபரக்கும் எனக்கு.

நாலாவின் மேல் கிடப்பது பாலமில்லை,
இடித்த வீடொன்றின் கதவு.
கீல்கூடக் கழற்றவில்லை.
ஒருவர் வந்தால் எதிரே வருபவர் நிற்க வேண்டும்.
ஜூன் பிறந்தால் தண்ணீர் வந்து
கதவைத் திறந்துகொண்டு போய்விடும்.
அப்புறம் தோல் கிடங்கு, பம்ப் ஹவுஸ், சிக்னல் என்று
சுற்றி வர இருபத்தாறு நிமிஷம்.

அந்த இருபத்தாறில்
மரியசெல்வத்தின் தலைமேல் இட்லி ஆறிவிடும்.
மாதுங்காவில் ஆறிய இட்லிக்குப் பேரம் அதிகம்.
சபீனா தைத்த பைகளுக்காக
அக்கரையில் வேன் ஆறரை வரை நிற்கும்.
ஆறு முப்பத்தொன்றுக்கு
அதன் புகையைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்,
எத்தனையோ தடவை.

ஒரு வியாழக்கிழமை
பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம்,
காலை நாலு மணிக்கு.
கதவில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும்
ஜாடியில் ஒரு பட்டன்.
இடுப்புக் குழந்தைக்கு உண்டா என்று
ஒரு தகராறு வந்தது.
உண்டு என்றாள் சபீனா,
பாலம் வருவதற்குள் அது நடந்துவிடும்.

நள்ளிரவில் எண்ணினோம்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
முப்பது குரோஸுக்கு இரண்டு குறைச்சல்.

அந்த இரண்டு பேர் யாரென்று
எல்லாருக்கும் தெரியும்.
கைவண்டி தத்தாராம், அவன் மச்சான்.
கதவில் வண்டி ஏறாது.
சுற்றுவழிதான் அவர்கள் சம்பளம்.
எங்கள் மூட்டைகளை மழைக்காலம் பூராவும்
சுற்றிக் கொண்டுபோனவர்கள்.
எனக்குப் பட்டன் போடாதே என்று
அன்றைக்குக் காலையிலேயே சொல்லிவிட்டான்.
குரலில் கோபமில்லை.
அதுதான் ராத்திரி தூங்க விடவில்லை.

மூன்றாம் நாள் வந்தான், கையில் ஒரு சணல் கயிறு.
இரண்டு முனையிலும் முடிச்சு.
என் டேப்பை வைத்துப் பார்த்தேன்,
நாலே முக்கால் அடி.
பாலம் போடுங்கள், என் வண்டியும் ஏறணும்,
ஏறினால் நாலு நடை அடிப்பேன்,
இப்போது அடிப்பது ஒன்று.

வரைபடத்தில் இருந்தது நாலடி.

அன்றிரவு கூட்டத்தில் மூன்று மொழியில் சண்டை.
வண்டியை விட்டால் பைக்கும் வரும்,
பைக்கை யார் தடுப்பது?
வேலப்பன் நாற்காலியை உதைத்தான்.
அகலம் கேட்டால் ஃபைல் திரும்பிப் போகும்,
இன்னொரு மழை, இன்னொரு கதவு,
என்று சொன்னதும் நாங்களே,
ஏழடி என்று எழுதியதும் நாங்களே.
கையெழுத்து, கைநாட்டு,
தத்தாராமின் முடிச்சுக் கயிறு,
எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினோம்.

ஃபைலை வைத்துக்கொண்டார்கள்.
ஜாடிகளை எடுத்துப் போகச் சொன்னார்கள்,
மேசையில் இடமில்லையாம்.

முதலாளியின் சரக்கு, என்ன செய்வது.
ஒரு வாரத்தில் தைத்து முடித்தேன்.
மரியசெல்வம் ஒரு காலரில்,
சபீனா ஒரு மணிக்கட்டில்,
நடக்காத அந்தக் குழந்தை
யாருடைய நெஞ்சுக்கு நேராகவோ.
எந்த ஊர்க் கடையில் தொங்குகிறோமோ தெரியாது.

மேகம் கறுக்கிறது.
கதவுக்கு இன்று
தத்தாராம்தான் இரண்டு கல் முட்டுக் கொடுத்தான்.