எட்டு பேசோ

ரொசாரியோ, தொண்ணூற்று மூன்று, மார்ச்.
சன்னலுக்கு வெளியே பரானா ஆறு
அவசரமில்லாத காவி நிறத்தில் போகிறது.
மேசைமேல் பெர்தொலோத்தி பிஸ்கட் கம்பெனியின்
பத்து வருடக் கணக்கு.
பங்கு ஒன்று எட்டு பேசோ என்கிறது சந்தை.
போன வருட லாபம் பங்குக்கு ஒரு பேசோ.
“எட்டு மடங்குதானே, கொள்ளை மலிவு.
கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்”
என்கிறான் ஒச்சோதேகோ,
என் மேசை விளிம்பில் காலை முட்டுக்கொடுத்தபடி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
ஆனால் இந்தப் பானை
பத்து வருடத்தில் மூன்று அடுப்பு ஏறி இறங்கியது:
பேசோ அர்ஹெந்தினோ, ஆஸ்திரால், மறுபடி பேசோ.
ஒவ்வொரு முறையும் சைபர்களை
வெங்காயத் தோல்போல உரித்துப் போட்டார்கள்.
கண்ணும் எரிந்தது.

எல்லா வருடங்களையும் முதலில்
இன்றைய காசுக்கு மாற்ற வேண்டும்.
விலைவாசிக் குறியீட்டு அறிக்கைகள் அலமாரியில் உண்டு.
எண்பத்தொன்பது ஜூலை மட்டும் இல்லை.
யாரோ உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
என் கைப்பையில் ஒரு மளிகை நோட்டு.
யெர்பா மாத்தே இலை, அரைக்கிலோ:
மூன்றாம் தேதி ஒரு விலை,
பத்தாம் தேதி ஒரு விலை,
இருபத்தொன்றில் எழுதி, அடித்து, மேலே இன்னொன்று.
வரிசையில் நிற்கும்போதே
கடை ஒலிபெருக்கி மாற்றிவிட்டது.
அந்த நோட்டை வைத்து அந்த மாதத்தை நிரப்பினேன்.
தணிக்கையாளர் பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும்.
அன்று அவரும் ஏதோ ஒரு வரிசையில் நின்றவர்தான்.

எண்பத்தொன்பதில் லாபம் மலை மலையாய்.
தாளில்.
மார்ச்சில் வாங்கிய கோதுமை
ஜூலையில் பிஸ்கட்டாய் விற்றது.
விற்ற காசைக் கொண்டுபோனால்
பாதி மூட்டைகூடத் திரும்பி வரவில்லை.
ஏட்டுச் சுரைக்காய்.
இன்றைய காசில் எழுதினேன்:
நாற்பது சென்டாவோ நட்டம்.
எண்பத்தாறோ, யாரும் நினைவில் வைக்காத வருடம்,
ஐம்பது சென்டாவோ, சலித்த மாவுபோலச் சுத்தம்.
மற்றவை முப்பது, இருபது, பத்து,
இரண்டு தடவை சிவப்பு மை.
கூட்டிப் பத்தால் வகுத்தேன்.
இருபது சென்டாவோ.
எட்டு பேசோவுக்குள் இருபது சென்டாவோ
நாற்பது முறை போகிறது.
வேறு பென்சில் எடுத்து மறுபடி போட்டேன்.
நாற்பது.

மாலையில் லென்சினா வந்தார்,
ரயில்வே ஓய்வூதியர் சங்கப் பொருளாளர்,
முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்தவர்.
என் தாளை வெளிச்சத்தில் தூக்கி
போலி டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
“ஒரு பேசோ பொய்யா?”
“இல்லை.”
“அப்போ இந்த இருபது?”
“அதுவும் பொய்யில்லை.
அது போன வருடம். இது கம்பெனி.”
“செத்த வருடங்களை எழுப்பி
ஏனம்மா நாற்காலி போடுகிறாய்?
நாடு மாறிவிட்டது.”
மாறியிருக்கலாம்.
எண்பத்தைந்திலும் மாறியது,
நானும்தான் கைதட்டினேன்.
“நீயாக இருந்தால் என்ன கொடுப்பாய்?”
ஓரத்தில் எழுதினேன்: மூன்று.
மூன்றுகூடக் கொஞ்சம் ஆசையில் எழுதியது.
தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

சங்கம் வாக்கெடுத்தது.
எட்டேகாலுக்கு வாங்கினார்கள்.
ஜூனில் பதினொன்று.
ஒச்சோதேகோ கேக் வாங்கி வந்தான்,
எனக்கும் ஒரு துண்டு எடுத்துவைத்தான்.
ருசியாகத்தான் இருந்தது.
லென்சினா கூப்பிடவில்லை.
அந்தத் தொப்பியை இப்போது எங்கே மாட்டுகிறாரோ.

வீட்டுக்குப் போகும் வழியில் யெர்பா வாங்கினேன்.
ஒரு பேசோ இருபது.
போன மாதமும் அதே, அதற்கு முன் மாதமும்.
“இன்னுமா எழுதுகிறாய்?” என்கிறாள் கடைக்காரி.
வரிசை இல்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள்,
சுவரில் நான்கு ஆணித் துளை.
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.