நிகர எடை

வேலந்தாவளம் எடை மேடையில்
பதினோரு வருஷமாக பில் போடுகிறேன்.
சரக்கோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை,
கழித்தால் வருவது நிகர எடை.
தேங்காய் மட்டை, கோழி எரு, எம் சாண்ட்,
ஓணம் நெருங்கினால் பூசணிக்காய்.
எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.
என் எடையைக் கேட்டபோதுதான்
டாக்டர் ரஜீனாவிடம் விழித்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் அவர் தராசு
எண்பத்து நாலு என்றது.
"மருந்து பின்னே. ஆத்யம் நடக்கணும்."
எவ்வளவு என்றேன்.
"உடம்பு நல்லாயிருக்க வாரம் நூற்றைம்பது நிமிஷம்.
எடை இறங்கணும்னா முந்நூறு பக்கம் போகணும்,
சோறும் குறையணும்."
எவ்வளவு வேகம் என்றேன்.
"பேச முடியணும். பாட முடியக் கூடாது."
நான் நின்றுகொண்டே பாடியதில்லை.
அதைச் சொல்லவில்லை.

முந்நூறை ஆறால் வகுத்தேன், ஞாயிறு போக.
ஐம்பது.
செக்போஸ்ட் தாண்டி, எழுத்தெல்லாம் உருண்டு போகிற
பெயர்ப் பலகைகள் தாண்டி,
பனைகளுக்குக் கீழே சாத்திக் கிடக்கும் கள்ளுக்கடை வரை
இருபத்தைந்து.
திரும்ப இருபத்தைந்து.

முதல் வாரம் நூற்றுப் பத்துதான் ஆச்சு.
அடுத்த வாரம் மழை.
அதற்கடுத்த வாரம் கணுக்கால் வீங்கி
மகனின் பழைய ஷூவுக்கு மாறினேன்,
ஒரு சைஸ் பெரிது, முன்னால் துணி அடைத்தேன்.
ஆட்டோக்காரர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள்:
"எவிடேக்கா?"
எங்கேயும் இல்லை என்றேன்.
கையில் பையில்லாமல் விடியுமுன் எல்லை கடந்து
உடனே திரும்புகிறவளை
இரண்டு மாநிலப் போலீசும்
ஒரே மாதிரிதான் பார்த்தார்கள்.

ராத்திரி வண்டி வராத நேரம்
மேடையின் நடுவில் போய் நிற்பேன்.
கண்ணாடிக்குள் சிவப்பாக: 80.
ஆடி முடிந்தது: 80.
இட்லி நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகி,
ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்து,
ஐப்பசியிலும் 80.
அறுபது டன் தூக்குகிற இரும்புக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நான் இறக்கிய பத்துப் பன்னிரண்டு
அதற்கு லாரி டயரில் ஒட்டிய சேறு.

பூசணி லோடு குஞ்ஞுமோன்தான் முதலில் கேட்டான்,
ஜன்னலில் சில்லறையை வைத்துக்கொண்டு:
"பில்லு சேச்சி, லோடு எவிடே இறக்கி?"
அன்று முழுக்க
தப்புத் தப்பாக பில் அடித்தேன்.

தையில் ரஜீனாவின் தராசு அறுபத்தொன்பது.
அன்றிரவு மேடை ஒரு கணம் யோசித்து
60 என்றது.
வண்டி எண் என்ற இடத்தில்
ம. மயிலாத்தாள் என்று அடித்தேன்.
சரக்கு: இல்லை.
கட்டணம் ஐம்பது ரூபாயை
நானே கல்லாவில் போட்டேன்.

"இனி நிறுத்தலாமா டாக்டர்?"
அவர் சிரிக்காமல் சொன்னார்:
"போனது திரும்பி வராமலிருக்கவும் அதேதான் வேணும்.
இருநூற்றைம்பது, முந்நூறு."
எத்தனை மாசத்துக்கு?
சீட்டில் அந்த இடத்தை
எழுதாமல் விட்டுக் கொடுத்தார்.

கோபம் வந்தது.
அடைத்த கடனுக்குத் தவணையா?
ஷூவைக் கட்டிலுக்கு அடியில் உதைத்தேன்.
பரோட்டா, பழம்பொரி,
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
கிடைத்ததெல்லாம்.
பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் ராத்திரி மேடையில் நின்றேன்.
60.
80.
60.
80.
எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமல்
எண் துடித்துக்கொண்டே இருந்தது.
மூச்சை இழுத்தால் ஏறுகிறதோ என்று
மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.
பின்னால் ஒரு டாரஸ் ஹாரன் அடித்தது.

நாலே முக்கால். பனி.
செக்போஸ்ட் விளக்கடியில் காவலர் கொட்டாவி விட்டார்,
இப்போது அவர் கேட்பதில்லை.
முதல் பனை வந்ததும்
சுற்றிலும் பார்த்துவிட்டு, ஆளில்லை,
வாய்க்கு வந்ததைப் பாடிப் பார்த்தேன்.
இரண்டாவது சொல்லிலேயே மூச்சு முறிந்தது.

சரி. வேகம் சரிதான்.
இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம்.