நான்கு அங்குலம்

வீடு சரிவில் நிற்கிறது.
சாட்ஸ்வர்த்தில் பாதி வீடுகள் அப்படித்தான்,
முன்பக்கம் தெருவோடு, பின்பக்கம் காற்றோடு.
நடுவில் அகப்பட்ட இடுக்குக்கு ஒரு கதவு மாட்டி
கிடங்கு என்று சொல்லிக்கொள்கிறோம்.
தரை கிடையாது. மண்தான்.

இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு அண்டா,
மடித்த கூடாரம் மூன்று.
சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே நாற்காலிதான் போகிறது.
காலில் செம்மண் அப்பியிருந்தால்
கல்யாண வீட்டார் மட்டும் வாடகையில் குறைப்பார்கள்.

ம்கீசே முழங்காலிட்டு நகத்தால் கீறிப் பார்த்தார்.
"ஜல்லி நான்கு அங்குலம், மேலே கான்கிரீட் நான்கு."
சொல்லி நிமிர்ந்தவர் தலை உத்தரத்தில் இடித்தது.
எட்டு அங்குலம் ஏறினால்
அண்டாவோடு நானும் உருண்டுதான் உள்ளே போகவேண்டும்.
தோண்டலாமே என்றேன்.
அஸ்திவாரம் பல்லிளிக்கும் என்றார்,
தலையைத் தடவிக்கொண்டே.

துறைமுகத்தில் மரத்தட்டுகள் சும்மா கிடைக்கும்
என்றார் என் கணவர்.
கறையானும் சும்மாதான் வரும்.
வெறும் ஜல்லி கொட்டினால்
தள்ளுவண்டியின் சக்கரம் அழும்.

மருமகன் பிரெஷன் கைப்பேசியை நீட்டினான்.
மரம்போல ஓடு, மார்பிள்போல ஓடு.
"டைல்ஸ் போட்டு, ஒரு சன்னல் வைத்து, ஒரு குழாய் இழுத்தால்
மாதம் மூவாயிரம் ராண்ட், அத்தை.
ஒரு ஆள் தாராளமாக இருக்கலாம்."

கணவர் அண்டா மூடிகளை எண்ணத் தொடங்கினார்.
ஆறு மூடி. எவ்வளவு நேரம் எண்ணமுடியும்?

இடது மூலையில் நான்கு குழிகள் இருக்கின்றன.
கட்டிலின் கால்கள் இறங்கிய இடம்.
என் தம்பி குணசீலன்,
ஜேக்கப்ஸ் செருப்பு ஆலையை மூடிய வருடம்,
பதினோரு மாதம்.
மேலே ஒரு அறை இருந்தது.
அதில் தையல் இயந்திரம் இருந்தது.
கட்டில் காலுக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைக்கச் சொல்லி
அவன் கேட்கவில்லை.
இருமல் சமையலறைப் பலகை வழியே ஏறிவரும்.
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

இப்போது ஃபீனிக்ஸில் இருக்கிறான்.
தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறோம்.
டப்பா திரும்பி வருகிறது,
கழுவி, துடைத்து, காலியாக.

புதன்கிழமை இரவு நானே அழைத்தேன்.
"சீலா, கீழே தரை போடணும்."
அவன் பக்கம் ஒரு பஸ் கடந்து, அடங்கியது.

"சிமென்ட் போடாதே அக்கா.
இடது சுவரோரம் பிப்ரவரியில் வேர்க்கும்,
விடியக்காலை மூணு மணிக்கு மேலே.
மண்ணோட வாயை அடைச்சா சுவர் குடிக்கும்,
அப்புறம் உங்க சமையலறை.
மணல் ஒரு அங்குலம். அதுமேல செங்கல், சாந்து இல்லாம.
நாலு அங்குலத்துல முடிஞ்சிடும்.
கதவுப் பக்கம் சாய்ச்சு விடு,
தண்ணி அப்படித்தான் போகும்."

எப்படித் தெரியும் என்று கேட்கும் வாய்
எனக்கு இல்லை.

"நாற்காலி இப்ப எத்தனை?"
"இருநூறு."
"அப்ப நூத்திப் பதினெட்டு," என்றான்.
"ரெண்டுக்குக் கால் உடைஞ்சிருந்தது."

ஞாயிறு வருவாயா என்றேன்.
மணலைச் சலித்து வாங்கு என்றான்.

செங்கல் இறங்கிவிட்டது, அறுநூற்று நாற்பது.
நாற்காலிகள் வாசலில் மழைக்கு அடுக்கிக் கிடக்கின்றன.
ம்கீசே மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டே
மூலைக்கு வந்தார்.
"இங்கே என்ன நின்றது?"
"கட்டில்."
"இரும்பா? ரொம்பக் கனமோ?"
"இல்லை," என்றேன்.

குழிக்கு ஒரு கை மணல் போட்டுக் குதிகாலால் மிதித்தார்.
மூன்று மூடிக்கொண்டன.
சுவரை ஒட்டிய நான்காவதுக்கு
இன்னொரு கை தேவைப்பட்டது.