மூன்றாவது ஓட்டு

வாக்குச்சீட்டில் ஆர்டிஸ் மூன்றாவது வரி.
மேலே இருந்த இருவரின் முகங்களும்
நெடுஞ்சாலைப் பலகைகளில் பழகியவை.
ஒருவர் பல் தெரியச் சிரிப்பார்,
மற்றவர் தெரியாமல்.
இவளுக்குப் பலகைக்குக் காசில்லை.
கழற்றிப்போட்ட பம்ப் குழாய்களைப் பிளந்து
வெள்ளையடித்துத் தன் கையாலேயே எழுதினாள்:
ஊன்ரூ. வாஷிங்டனுக்கு. தண்ணீருக்காக.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
எல்லாவற்றிலும் அது கொஞ்சம் குனிந்திருக்கும்.

மேற்குக் கான்சாஸில் இருபத்தாறு வருடம்
கிணறுகளுக்குள் நாடா இறக்கி அளந்தவள்.
எஃகு நாடாவின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டி தேய்ப்பாள்.
இறக்குவாள். இழுப்பாள்.
நிறம் கறுத்த இடம்வரை தண்ணீர்.
ஃபிரீசன் பண்ணையில் அவள் தொடங்கியபோது
நூற்றுப் பத்து அடி.
இப்போது அந்த நாடா போதவில்லை.
சுண்ணக்கட்டிக்குக் கட்சி கிடையாது என்பாள்.
அப்படிச் சொன்னவள்தான் ஒரு கட்சியில் சேர்ந்தாள்.
சமவெளி மக்கள் கட்சி:
தலைவர் டொபீகாவில் பல் மருத்துவர்,
பொருளாளர் அவருடைய மைத்துனர்.

ஜூலை முழுக்கத் தபால் நிலைய வாசலில்
கையெழுத்துக்கு நின்றாள்.
கார்க் கண்ணாடி இறங்கும்,
உள்ளே இருந்த குளிர் ஒரு நொடி அவள் முகத்தில் படும்,
"நல்லதுதான் சொல்றே ஆர்டிஸ், ஆனா..."
அந்த ஆனாவோடு கண்ணாடி ஏறிவிடும்.
ஓட்டைப் பிரிக்க நிற்கிறாள் என்றார் விதைக்கடை வெர்லின்.
யாருடைய ஓட்டை, என்று கேட்டேன்.
காலையில் ஒரு கட்சியைச் சொன்னவர்
மாலையில் மறு கட்சியைச் சொன்னார்.

பள்ளிக்கூட விளையாட்டரங்கில் விவாதம்.
மேடையில் இரண்டே மேசை.
இவள் கீழே, கூடைப்பந்து வளையத்துக்கு நேரே,
உயர்த்திய கையை முக்கால் மணி நேரம் இறக்கவில்லை.
மைக் கொண்டுவந்த பையன்
இரண்டு வரிசை முன்னாலேயே திரும்பிப் போனான்.
அன்றிரவு தோள் வலிக்கிறது என்றாள்.
தைலம் தேய்த்துவிட்டேன்.
வேறொன்றும் பேசவில்லை.

முடிவு வந்த இரவு
தொலைக்காட்சியில் சிவப்பில் ஒரு பட்டை, நீலத்தில் ஒரு பட்டை,
அடியில் சாம்பல் கீற்றாய் 'மற்றவர்கள்'.
"என்னைப் பன்மையாக்கிட்டாங்க" என்று சிரித்தாள்.
சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமானது.

மறுவாரம் சாவடிவாரியாகக் கணக்கு வந்தது.
எங்கள் சாவடியில் அவளுக்கு மூன்று.
"நான், நீ" என்று விரல் மடக்கியவள்
மூன்றாவது விரலை மடக்காமல் வைத்துக்கொண்டாள்.

அந்த விரல் இன்னும் மடங்கவில்லை.
தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக
வரிசை வரிசையாய்ப் பார்க்கிறாள்.
தபால்காரர் லாயல் கூடுதலாக ஒரு கணம் கையசைத்தால்
அன்று முழுக்க அவர்தான்.
கோழிப்பண்ணை டோனெட்டா இரண்டு முட்டை அதிகம் வைத்தால்
அவள்தான்.
வெர்லினின் பம்பைக்கூடப்
பாதிக் கூலிக்குச் சரிசெய்து கொடுத்தாள்,
ஒருவேளை என்று.
ஊரே முன்பைவிட அவளுக்கு அழகாகிவிட்டது.

மறைப்புத் தட்டிக்குப் பின்னால்
பேனாவோடு நான் நின்றது ஒரு நிமிஷம்கூட இராது.
பல் தெரியாமல் சிரிப்பவர் வந்துவிடுவாரோ என்று பயம்.
நல்லவள்தான் ஆர்டிஸ், ஆனா...
மூன்றாவது வரிவரை
என் கை இறங்கவில்லை.

அவள் தேடுவது ஒருவரை.
இருப்பது இருவர்.
சொல்லிவிட்டால்
ஊரில் ஒருவர் கூடுவார்,
வீட்டில் ஒருவர் குறைவார்.

ஜனவரி. அளக்கும் மாதம்.
நாடாவைச் சுற்றி வண்டியில் வைத்துவிட்டு
சுண்ணக்கட்டியைக் கேட்கிறாள்.
எடுத்துத் தருகிறேன்.
விரல் நுனியெல்லாம் நீலம்.
அவள் திரும்புவதற்குள்
கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.